நத்தை விட்ட வெள்ளைப் புகை

கேள்வி: எங்கள் வீட்டு உப்புநீர்த் தொட்டியில், தண்ணீர் மாற்றிய அன்றிரவு, ட்ரோகஸ் நத்தை கண்ணாடி உச்சிக்கு ஏறி வெள்ளையாக எதையோ கக்கியது. தண்ணீர் கலங்கிவிட்டது. நோயா?

பதில்: நோயில்லை, இனப்பெருக்கம். நீங்கள் பார்த்தது ஆண். ட்ரோகஸில் ஆண், பெண் தனித்தனி. இரண்டும் சேர்வதில்லை, விந்தையும் முட்டையையும் நேரே தண்ணீரில் விட்டுவிடும். ஒன்று தொடங்கினால் மற்றவையும் தொடங்கும். புதுத் தண்ணீரும் சிறிது வெப்பநிலை மாற்றமுமே பல நேரம் இதைத் தூண்டிவிடுகின்றன.

பெண்ணும் முட்டை விட்டிருந்தால் குஞ்சுக்கு வாய்ப்புண்டு. ட்ரோகஸின் இளவுயிரி முட்டைக்கருவை வைத்தே சில நாட்கள் மிதந்துவிட்டுப் பாறையில் ஒட்டிக்கொள்ளும். தனித் தீனி வேண்டாம். அதற்கு எமன் உங்கள் ஸ்கிம்மரும் வடிகட்டிப் பையும்தான். சில மணி நேரம் இரண்டையும் நிறுத்துங்கள். அலை பம்பை மட்டும் நிறுத்தாதீர்கள், ஆக்சிஜன் குறைந்துவிடும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறினால் குஞ்சு ஆசையை விட்டுவிட்டு ஸ்கிம்மரைப் போடுங்கள்.

பிறகு பொறுமைதான். பாறைப் பாசியைச் சுரண்டித் துடைக்காமல் விட்டால், ஒரு நாள் டார்ச் வெளிச்சத்தில் மில்லிமீட்டர் அளவுக் கூம்புகள் நகர்வது தெரியும்.

கண்ணாடியில் எள் ஒட்டினாற்போல வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அது வேறு கதை: நெரைட் நத்தையின் முட்டைக்கூடுகள். அதன் இளவுயிரிக்கு வாரக்கணக்கில் நுண்பாசி தீனி வேண்டும். வீட்டுத் தொட்டியில் பிழைப்பது அபூர்வம். பிளேடால் சுரண்டிவிடலாம். அக்ரிலிக் தொட்டி என்றால் பிளேடு வேண்டாம், கீறல் விழும்.