வெந்நீர்க் கருவியும் குளியலறைக் காற்றும்

ஹைதராபாத்திலுள்ள ஏ.எஸ்.ராவ் நகர், 1967-ஆம் ஆண்டில் தோன்றிய இந்திய எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பொரேஷனை உருவாக்கி வளர்த்த விஞ்ஞானி ஐயகாரி சாம்பசிவ ராவ் அவர்களின் பெயரைத் தாங்கிய குடியிருப்பாகும். தக்காணப் பீடபூமியில் அமைந்த இப்பகுதியில் மார்கழி, தை மாதங்களின் விடியற்காலை குளிர் மிகுந்தது. அக்காலத்தில் வெந்நீருக்காக, சமையல் வாயுவில் இயங்கும் ‘காஸ் கீஸர்’ என்னும் கருவியைப் பயன்படுத்தும் வீடுகள் இங்கும் நாட்டின் பிற நகரங்களிலும் உள்ளன. இக்கருவியைச் சோதித்துத் துப்புரவாக வைத்துக்கொள்ளும் முறையை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம். ஆனால் சோதனையைக் கருவியிலிருந்து தொடங்கலாகாது. அதைச் சூழ்ந்துள்ள காற்றிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குரிய காரணத்தை முதலில் காண்போம்.

எரிவதற்கு வேண்டிய காற்று

சமையல் வாயு, புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களின் கலவையாகும். ஒரு லிட்டர் புரொப்பேன் முற்றிலும் எரிவதற்கு 5 லிட்டர் பிராணவாயுவும், ஒரு லிட்டர் பியூட்டேனுக்கு 6½ லிட்டர் பிராணவாயுவும் வேண்டும். காற்றில் ஐந்தில் ஒரு பங்கே பிராணவாயு ஆதலால், ஒரு லிட்டர் வாயுவை எரிக்க 24 முதல் 31 லிட்டர் வரை காற்று செலவாகிறது.

நிமிடத்திற்கு 6 லிட்டர் நீரை 25 டிகிரி சென்டிகிரேடு அளவு கூடுதலாகச் சூடேற்றும் கருவி, அந்த ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 17 கிராம் வாயுவை எரிக்கிறது. அதற்கு வேண்டிய காற்று சுமார் 220 லிட்டர். ஒன்றரை மீட்டர் அகலமும், 2 மீட்டர் நீளமும், இரண்டரை மீட்டர் உயரமும் உள்ள குளியலறை ஒன்றில் இருப்பது 7,500 லிட்டர் காற்றே. குளிருக்கு அஞ்சிக் கதவையும் சன்னலையும் இறுக மூடிவிட்டால், ஐந்தே நிமிடங்களில் அவ்வறையின் பிராணவாயுவில் ஏழில் ஒரு பங்கு தீர்ந்துவிடும் என்பது இக்கணக்கிலிருந்து பெறப்படும்.

பிராணவாயு குறையக் குறையச் சுடர் முற்றிலும் எரிவதில்லை. அப்பொழுது கரியமில வாயுவோடு கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும் உண்டாகிறது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான பற்றுடன் இந்நச்சு வாயுவைப் பற்றிக்கொள்கிறது. ஆதலால் மூளைக்கும் இதயத்திற்கும் செல்ல வேண்டிய பிராணவாயு தடைப்படுகிறது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். “வாயு கசிந்தால் வாடை தெரியுமே” என்று பலர் கருதுகின்றனர். சமையல் வாயுவில் தெரியும் வாடை, கசிவை உணர்த்துவதற்காகச் சேர்க்கப்படும் மெர்காப்டன் என்ற பொருளின் வாடையாகும். கார்பன் மோனாக்சைடுக்கோ நிறமுமில்லை, மணமுமில்லை. மூக்கை நம்பி இதனை அறிய இயலாது.

சோதிக்கும் முறை

முதலாவது, இடம். கருவி குளியலறைக்கு வெளியே, காற்று தாராளமாக உலவும் இடத்தில் இருக்க வேண்டும்; வெந்நீர்க் குழாய் மட்டுமே உள்ளே வரலாம். எரிந்த புகை மீண்டும் சன்னல் வழியே வீட்டினுள் புகாத வண்ணம் அவ்விடம் அமைய வேண்டும். கருவி உள்ளே பொருத்தப்பட்டிருப்பின், அதனை வெளியே மாற்றும் வரை பயன்படுத்தாதிருப்பதே அறிவுடைமை.

இரண்டாவது, குழாய். ரப்பர் குழாயில் வெடிப்போ தளர்ச்சியோ உண்டா என்று பார்க்க வேண்டும். இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவினால், கசிவுள்ள இடத்தில் குமிழிகள் எழும். தீக்குச்சியைக் கொளுத்திச் சோதிப்பது பெருந்தவறு. கசிவு தெரிந்தால் ரெகுலேட்டரை மூடி, சன்னல்களைத் திறந்து, மின் விசைகளைத் தொடாது வெளியேறி, 1906 என்ற அவசரத் தொலைபேசி எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

மூன்றாவது, சுடர். அது நீலமாகவும் நிலையாகவும் எரிய வேண்டும். மஞ்சள் நிறச் சுடரும், கருவியின் மேற்புறத்தில் படியும் கரியும் வாயு சரிவர எரியாமையின் அடையாளங்கள். ஆயினும் நீலச் சுடரைக் கண்டு மட்டும் அபாயமில்லை என்று முடிவு செய்தல் கூடாது.

துப்புரவு செய்தல்

முதலில் ரெகுலேட்டரை மூடி, பாட்டரியை அகற்றி, கருவி நன்கு ஆறும் வரை காத்திருக்க வேண்டும். வெளிப்புறத்திலும் காற்று புகும் துளைகளிலும் படிந்த தூசியையும் சிலந்திக் கூட்டையும் மென்மையான உலர்ந்த தூரிகையால் நீக்கலாம். நீர் புகும் வாயிலிலுள்ள சிறு வடிகட்டியைக் கழற்றிக் கழுவலாம். வீட்டார் செய்யத்தக்கது இவ்வளவே. வாயு வெளிப்படும் நுண்துளைகளைக் கம்பியால் குத்தினால் அவை அகன்று, வாயு அளவுக்கு மீறிப் பாயும். அவற்றையும், செப்புச் சுருளில் படிந்த கரியையும், ஆழ்குழாய்க் கிணற்று நீரின் உப்புப் படிவையும் நீக்குதல் பயிற்சி பெற்ற தொழிலாளியின் வேலை. குளிர்காலம் தொடங்குமுன் ஆண்டுக்கொருமுறை அவரை அழைத்துப் பார்க்கச் செய்தல் நன்று.

ஆபத்து நேர்ந்தால்

குளிக்கும்போது தலைவலி, மயக்கம், குமட்டல், கால்களில் தளர்ச்சி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே வெளியே வந்துவிட வேண்டும். தாமதித்தால் தாழ்ப்பாளைத் திறக்கவும் வலிமை இராது. ஆகவே இக்கருவியுள்ள வீட்டில் குழந்தைகளும் முதியோரும் உட்புறம் தாழிடாமல் குளிப்பது நலம். எவரேனும் மயங்கிக் கிடக்கக் கண்டால், கதவைத் திறந்து, வாயுவை மூடி, அவரைத் திறந்த வெளிக்குக் கொணர்ந்து, 108-க்குச் சொல்லி மருத்துவமனை சேர்க்க வேண்டும். நினைவு திரும்பிவிட்டது என்று வாளாவிருத்தல் கூடாது. பிராணவாயுச் சிகிச்சை தேவைப்படலாம்.

துப்புரவான கருவியும் மூடிய அறையில் நஞ்சை உண்டாக்கும் என்பதே இப்பாடத்தின் சாரம். நாளைக் காலை வெந்நீர்க் குழாயைத் திறக்குமுன், கருவி எவ்விடத்தில் இருக்கிறது, அதற்குக் காற்று எவ்வழியே வருகிறது என்பதை வாசகர்கள் ஒருமுறை நின்று பார்ப்பார்களாக.