நிழலின் அருமை

‘நிழலின் அருமை வெயிலில் தெரியும்’ என்பது பழமொழி. வழிநடைப் பயணிக்கு மட்டுமன்று, நிழற்படம் எடுப்பார்க்கும் இஃது ஏற்ற மொழியேயாம். இதனை யான் நன்குணர்ந்த இடம் ஜவ்வாது மலை.

அம்மலையில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் அமைந்த சிற்றூர் காவலூர். திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரில் 1968 ஆம் ஆண்டு ஒரு சிறு தொலைநோக்கியுடன் வானாய்வு தொடங்கிற்று. வைணு பாப்பு என்னும் வானியலறிஞரின் முயற்சியால் வளர்ந்த அந்நிலையம், 1986 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 2.34 மீட்டர் விட்டமுடைய ஆடி பொருந்திய பெருந்தொலைநோக்கியைத் தன்னகத்தே கொண்ட குவிமாடம் மரங்களுக்கு மேல் நிமிர்ந்து விளங்கும்.

மாணவர் சிலருடன் ஒருநாள் அங்குச் சென்றிருந்தேன். பள்ளி ஆண்டுமலருக்கென ஒருவன் காலைவேளையில் தன் கைப்பேசியால் அம்மாடத்தைப் படமெடுத்தான். கண்ணுக்கு உருண்டு திரண்டு தோன்றிய மாடம், படத்தில் வெட்டி ஒட்டிய வெள்ளைத்தாள்போல் தட்டையாகக் கிடந்தது. “ஐயா, கண் கண்டதைக் கருவி காணவில்லையே!” என்று அவன் வருந்தினான்.

“தம்பி, நமக்குக் கண் இரண்டு, ஆதலின் பொருளின் ஆழம் எளிதில் புலனாகிறது. படத்திலோ ஒளியும் நிழலுமே ஆழத்தை உணர்த்தல் வேண்டும். நீ ஞாயிற்றை முதுகுக்குப் பின்னே வைத்துப் படமெடுத்தாய். நிழலெல்லாம் மாடத்தின் பின்புறம் ஒளிந்துகொண்டது. நிறைமதியைப் பார், ஒரு வெள்ளித் தட்டாகவே தோன்றும். அரைமதியைத் தொலைநோக்கியில் பார்; ஒளியும் இருளும் கூடும் எல்லையில் மலைகளும் குழிகளும் நெடுநிழல் வீழ்த்திப் புடைத்து நிற்கும். திங்கள் ஒன்றே; ஒளி வரும் திசையே வேறு” என்றேன்.

மாலையில் அவன் வேறோரிடத்தில் தென்திசை நோக்கி நின்று மீண்டும் படமெடுத்தான். மேலைக் கதிர் மாடத்தின் வலப்புறத்தைத் தழுவியது. ஒளி படிப்படியாகக் குறைந்து இடப்புறம் நிழலாயிற்று. மாடம் உருண்டு எழுந்தது! பின்னர்ப் படத்தைத் திருத்தினான்: சாய்ந்து தோன்றிய சுவரை நேராக்கினான், கூசும் வெண்மையைத் தணித்தான், நிழலைச் சற்றே ஆழமாக்கினான். முன்னாளில் இருட்டறையில், படத்தாள்மேல் விழும் ஒளியைக் கையால் மறைத்தும் மிகுத்தும் செய்த வேலையே இன்று விரல்நுனியில் முடிகிறது. ஆனால், காலைப் படத்தைத் திருத்தியபோது வெண்மை சாம்பல் நிறமாயிற்றே அன்றி உருட்சி பிறக்கவில்லை. கருவி பதியாததைத் திருத்தம் எங்ஙனம் தரும்?

அவன் அத்துடன் நில்லாது, வேறொரு படத்தினின்று அரைமதியை எடுத்து மாடத்தின்மேல் ஒட்டினான். அருகிலிருந்த மாணவி ஒருத்தி, “மாடத்தின் வலப்புறம் ஒளிர்கிறது, திங்களுக்கோ இடப்புறம் ஒளிர்கிறதே! வானத்தில் ஞாயிறு இரண்டோ?” என்றாள். அவன் நாணித் திங்களை நீக்கினான்.

இவ்வாசை புதிதன்று. 1858 இல் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயர் தஞ்சை, மதுரைக் கோயில்களைப் படமெடுத்தார். அக்காலப் படங்கள் வானத்தை வெறுமையாகவே காட்டும். ஆதலின் அவர் தம் மறிபடங்கள் சிலவற்றில் மேகங்களை வண்ணத்தால் தீட்டிச் சேர்த்தார். அவரே தஞ்சைப் பெருங்கோயில் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒன்றாக இணைத்தும் வைத்தார். முன்னது இல்லாததைச் சேர்த்தது. பின்னது உள்ளதை விளங்கக் காட்டிற்று.

வானியலார் வழியும் பின்னதே. சீரான ஒளியைத் தனியே படமெடுத்துத் தம் கருவியின் குறைகளை அறிந்து, விண்மீன் படத்தினின்று அவற்றை நீக்குவர். ஒரு மீனையும் புதிதாகச் சேர்க்கமாட்டார்.

ஆண்டுமலரைக் காண்போருள் பலர் காவலூரைக் கண்டறியாதவர். அவர்க்கு நம் படமே சான்று. ஆதலின், மாணவர்களே, ஒளிக்குக் காத்திருங்கள், குறையைத் திருத்துங்கள், பொய்யைச் சேர்க்காதீர்கள். படத்திற்கு மட்டுமன்று, நாம் எழுதும் எழுத்திற்கும் சொல்லும் சொல்லுக்கும் இதுவே நெறியாகும்.