விளைபொருள் விற்கும் இணையத்தளத்தைப் பராமரித்தல்

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்திலுள்ள அட்டாளைச்சேனை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் நெல் ஏறக்குறைய ஒரே காலத்தில் அறுவடையாகின்றது. பெரும்போக நெல் பெப்ரவரி, மார்ச்சு மாதங்களில் களத்துக்கு வரும்பொழுது விலை இறங்குவதும், நெல்லைக் காயவைக்கவும் சேமித்துவைக்கவும் வசதியற்றோர் கிடைத்த விலைக்கு விற்றுவிடுவதும் யாவரும் அறிந்ததே. மரக்கறிச் செய்கையாளர் நிலை இதனினும் கடினமானது. பறித்த கத்தரியும் பயிற்றையும் விலை ஏறும்வரை காத்திரா. ஆகவே, நெல்லை அரிசியாக்கிப் பொதிசெய்தும், நல்ல விதைநெல்லைப் பிரித்தெடுத்தும், மரக்கறிக்கு முன்கூட்டியே கட்டளை பெற்றும் வாங்குவோருக்கு நேரே விற்க முற்படும் கமக்காரருக்கு இணையத்தளம் ஒரு நல்ல துணையாகும்.

ஆயின், தளத்தை அமைத்தவுடன் வேலை முடிந்ததெனக் கருதுதல் பெருந்தவறு. கொழும்பிலோ கண்டியிலோ இருக்கும் ஒருவர் ‘சிவப்பரிசி’ எனத் தேடும்பொழுது தளம் முன்வரிசையில் தோன்றாவிடின், அவரளவில் அத்தளம் இல்லாததற்குச் சமம். விதைத்த பின் வரம்பில் கால்வைக்காதவர் நல்ல விளைவை எதிர்பார்த்தல் கூடாது. இணையத்தளமும் அவ்வாறே.

1. தேடுபொறி செயற்படும் முறை

இணையத்திலுள்ள பக்கங்களைத் திரட்டிவைத்து, கேட்போருக்கு வேண்டியவற்றை எடுத்துக்காட்டும் அமைப்பே தேடுபொறி. 1998 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கூகிளும், மைக்ரோசொவ்ற் நிறுவனம் 2009 இல் வெளியிட்ட பிங்கும் இவ்வகையின. இவற்றின் வேலை மூன்று படிகளில் நடைபெறும். முதலாவதாக, தானாக இயங்கும் நிரல் ஒன்று இணைப்புக்களின் வழியே பக்கம் பக்கமாகச் சென்று வாசிக்கும். இரண்டாவதாக, வாசித்தவை அட்டவணையிற் பதியப்படும். மூன்றாவதாக, ஒருவர் ஒரு சொல்லைத் தேடும்பொழுது, பொருத்தம், தரம், மொழி, தேடுவோர் இருக்குமிடம் ஆகியவற்றை நோக்கிப் பக்கங்கள் வரிசைப்படுத்தப்படும்.

நெற்பயிர் மஞ்சளித்தால் நீரா, பசளையா, பூச்சியா என ஒவ்வொன்றாக ஆராய்வது போல, தளம் தோன்றாதவிடத்தும் முதற் படியிலிருந்தே ஆராய்தல் வேண்டும். கூகிளின் தேடற்பெட்டியில் ‘சைட்’ என்னும் ஆங்கிலச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளியின்றித் தளமுகவரியை எழுதினால், அட்டவணையிற் பதிவான பக்கங்கள் தெரியவரும். அவ்வாறு தேடியும் ஒரு பக்கமேனும் தோன்றாவிடின், தளம் பதியப்படவில்லை எனப் பெரும்பாலும் கொள்ளலாம்.

2. தமிழ் எழுத்திற் கவனிக்க வேண்டியது

யூனிக்கோடு முறையில் 1991 முதல் தமிழுக்குத் தனி இடம் உண்டு. எனினும், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலே தட்டெழுதும் வழக்கம் அச்சகங்களில் நீண்டகாலம் நிலவியது. அவ்வெழுத்துருவில் ‘அரிசி’ என எழுதினால் மனிதர் கண்ணுக்கு அது தமிழாகத் தோன்றும். உள்ளே பதிவாவதோ உரோமன் எழுத்துக்களின் குவியலே. தேடுபொறி அதனை அரிசி என அறியாது. பழைய துண்டுப்பத்திரங்களிலிருந்து எடுத்த பகுதிகளை யூனிக்கோடுக்கு மாற்றிய பின்னரே தளத்திற் சேர்த்தல் வேண்டும்.

விலைப்பட்டியலை அழகிய படமாக்கி ஒட்டிவிடுதலும் இதையொத்த குறைபாடாகும். பொருளின் பெயர், விலை, நிறை, தொலைபேசி இலக்கம் ஆகியவை எழுத்தாகவே பக்கத்தில் இருத்தல் வேண்டும். படம் சேர்க்குமிடத்து, அதில் உள்ளது யாது என்பதை ஒரு வரியில் எழுதி அப்படத்தோடு இணைத்தல் நன்று.

3. வாங்குவோர் வழங்கும் சொற்கள்

விற்பவர் தம் பொருளுக்கு இட்ட பெயரை வாங்குவோர் அறியார். அவர்கள் சிவப்பரிசி, சம்பா, கீரிச்சம்பா, நாட்டரிசி, பச்சையரிசி என்றே தேடுவர். சிங்களம் பேசுவோர் ‘ரத்து ஹால்’ எனத் தேடுவர். விதைநெல் வேண்டுவோர் பத்தலகொட நெல்லாராய்ச்சி நிலையத்தில் உருவான இனங்களை ‘பீ.ஜீ. 94-1’ என எழுத்தும் இலக்கமும் கொண்டு தேடுவர். இச்சொற்கள் தலைப்பிலும் முதற் பந்தியிலும் இயல்பாக அமைதல் வேண்டும். ‘எமது தயாரிப்புக்கள்’ என்னும் தலைப்பினும் ‘அட்டாளைச்சேனைச் சிவப்புப் பச்சையரிசி, 5 கிலோ பொதி’ என்பது பன்மடங்கு பயன் தரும்.

ஊர்ப்பெயரிலும் கவனம் தேவை. அட்டாளைச்சேனை என்பதை உரோமன் எழுத்தில் எழுதுவோர் சிலர் டகரத்துக்கு ‘டீ’ எழுத்தையும், சிலர் ‘ரீ’ எழுத்தையும் இடுவர். பெருவழக்கிலுள்ள வடிவத்தை முதன்மையாகக் கொண்டு, மற்றதை முகவரிப் பகுதியில் ஒருமுறை குறிப்பிட்டால் போதும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிக்கும் தனித்தனிப் பக்கம் இருத்தல் வேண்டும். ஒரே பக்கத்தில் மூன்றையும் கலத்தல் நன்றன்று.

4. பக்கத்தில் எழுதத் தக்கவை

பிறர் தளத்திலிருந்து படியெடுத்தவற்றால் பயனில்லை. கமக்காரர் மட்டுமே அறிந்த செய்திகள் பெறுமதி மிக்கவை: எந்தப் போகத்து நெல், எப்பொழுது குற்றப்பட்டது, எவ்வளவு நீரில் வேகும், எத்தனை மாதம் கெடாதிருக்கும், எவ்விடங்களுக்கு அனுப்பப்படும் என்பன. விதைநெல் அத்தாட்சிப்படுத்தப்பட்டதாயின் அவ்விபரத்தை உள்ளவாறே எழுதலாம்; அல்லாததை அவ்வாறு கூறுதல் கூடாது. 2024 ஆம் ஆண்டு முதல் கூகிள், பல கேள்விகளுக்குத் தானே விடையைத் தொகுத்து மேலே காட்டுகின்றது. பொதுச் செய்தி அவ்விடையிலேயே கிடைத்துவிடும். ஆகவே நேரிற் செய்தவரின் அனுபவச் செய்தியே வாசிப்போரைத் தளத்துக்கு வரவழைக்கும்.

தேவை எழும் காலத்தை முன்னறிந்து எழுதுதல் வேண்டும். நோன்புக் கஞ்சிக்கான அரிசி பற்றிய பக்கத்தை நோன்பு பிறந்தபின் எழுதினால் அது பதியப்பட்டு முன்னே வருவதற்குள் மாதம் கழிந்துவிடும். நோன்பு ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னதாக வருமாதலால், பழைய பக்கத்தையே வைத்துக்கொண்டு இரண்டு மாதங்களுக்கு முன் திருத்துதல் சிறந்தது. ஒவ்வோராண்டும் புதிய முகவரியில் தொடங்கினால் முன்பு பெற்ற மதிப்பு சிதறிப்போகும்.

5. இடவிபரமும் கைப்பேசியும்

கூகிளின் வணிக விபரப் பதிவு கட்டணமற்றது. ஆலையின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், திறக்கும் நேரம் என்பன அதிலும் தளத்திலும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாயிருத்தல் வேண்டும். வாங்கியோர் எழுதும் கருத்துக்களுக்குப் பணிவாக மறுமொழி தருதல் நன்று. பொய்யான கருத்துக்களைப் பிறரைக்கொண்டு எழுதுவித்தல் விதிக்கு முரணானது.

2023 ஆம் ஆண்டளவில் கூகிள், கைப்பேசியில் தோன்றும் வடிவத்தையே முதன்மையாகக் கொண்டு தளங்களைப் பதியும் முறைக்கு மாறியது. எனவே கைப்பேசியில் மறைந்துபோகும் செய்தி, இல்லாத செய்தியாகவே கொள்ளப்படலாம். பெரும் படங்களைச் சுருக்கி இடுதலும், பாதுகாப்பான இணைப்பு முறையை அமைத்தலும் அவசியம்.

6. குறுக்குவழிகளால் வரும் கேடு

‘ஒரு மாதத்தில் முதலிடம்’ என உறுதிகூறிப் பணம் கேட்போரிடம் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். சாதாரண தேடல் வரிசையில் முன்னிடம் தருவதற்குக் கூகிள் பணம் பெறுவதில்லை. விளம்பரம் என்பது வேறு. அது விளம்பரம் எனக் குறிக்கப்பட்டே தோன்றும். செய்த திருத்தங்களுள் சில, சில மணித்தியாலங்களிலும், சில பல மாதங்கள் சென்றுமே பயன் தரும்.

ஒரு சொல்லைப் பலமுறை அடுக்குதல், வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்துப்போல் மறைத்தெழுதுதல், இணைப்புக்களை விலைக்கு வாங்குதல் என்பன தளத்தைப் பின்னே தள்ளும். விலைக்கு வாங்கிய இணைப்புக்களை நம்பியிருந்த தளங்கள் பல 2012 இல் கூகிள் செய்த ‘பென்குயின்’ என்னும் மாற்றத்தின்பின் வீழ்ந்தன. பக்கத்தின் உள்ளே மறைவாக எழுதும் திறவுச்சொற் பட்டியலைத் தான் கணக்கிலெடுப்பதில்லை எனக் கூகிள் 2009 இலேயே அறிவித்துவிட்டது. அதற்காகப் பணம் செலவிடுதல் வீண். அரிசி வாங்கும் கடை, ஊர்ச் சங்கம், சமையற் குறிப்பெழுதுவோர் ஆகியோர் தாமே விரும்பித் தரும் இணைப்பு ஒன்று, விலைக்கு வாங்கிய நூறு இணைப்புக்களினும் மேலானது.

7. காலந்தோறும் செய்யவேண்டியவை

கிழமைதோறும்: விலையையும் இருப்பையும் திருத்துக. தீர்ந்த பொருளின் பக்கத்தை அழித்துவிடாது, மீண்டும் கிடைக்கும் காலத்தை எழுதுக.

மாதந்தோறும்: ‘சேர்ச் கொன்சோல்’ என்னும் கூகிளின் இலவசக் கருவியைத் திறந்து, எச்சொற்களுக்குத் தளம் தோன்றியது, எத்தனை பேர் உள்ளே வந்தனர் என்பதை நோக்குக. பலமுறை தோன்றியும் எவரும் வராத பக்கத்தின் தலைப்பைத் தெளிவாக்குக.

போகந்தோறும்: அறுவடைக்கு இரண்டு மாதங்களுக்கு முன் அவ்விளைபொருட் பக்கத்தைப் புதுப்பிக்குக. வேலைசெய்யாத இணைப்புக்களைச் சீர்செய்க. முகவரியை மாற்ற நேர்ந்தால், பழைய முகவரிக்கு வருவோர் புதியதற்குச் செல்ல வழியமைக்குக.

ஆண்டுதோறும்: தளப்பெயரின் பதிவைக் காலந்தவறாது புதுப்பிக்குக. தவறினால் அப்பெயரைப் பிறர் பெற்றுக்கொள்ளவும், பல ஆண்டு உழைப்பு ஒரு நாளில் இழக்கப்படவும் கூடும். தளத்தை அமைத்துக் கொடுத்தவர் பெயரிலன்றி, உரிமையாளர் பெயரிலேயே பதிவும் கடவுச்சொல்லும் இருத்தல் வேண்டும்.

இவ்வேலைகளுக்குக் கிழமையில் ஒரு மணித்தியாலம் போதியது. வீட்டில் படிக்கும் பிள்ளைகளும் இதற்கு உதவலாம். உண்மையான விபரத்தை, வாங்குவோர் சொல்லில், காலத்துக்குமுன் எழுதி, இடைவிடாது பேணிவரும் கமக்காரரின் தளம் நாளடைவில் முன்வரிசைக்கு வரும் வாய்ப்பு மிகும். அறுவடை நாளில் வாங்குவோரைத் தேடி அலைவதினும், வாங்குவோர் தேடிவரும் நிலையை அறுவடைக்குமுன் உண்டாக்கிக்கொள்ளுதலே சிறந்தது.