மாரியில் நாயின் காது நாறினால்

மாரி மழையில் நனைந்த நாயின் காதிலும் விரலிடுக்கிலும் மலசீசியா என்ற பூஞ்சை பெருகும். புளித்த வாடை, கபில அழுக்கு, ஓயாத சொறி இருந்தால் கவனியுங்கள்.

1. குளத்தில் இறங்கி வந்ததும் பழைய துவாயால் காதுமடல், விரலிடுக்கு, அக்குளை ஒற்றி உலர்த்துங்கள். ஈரம்தான் பூஞ்சைக்கு வசதி.

2. தேங்காயெண்ணெய் பூசாதீர்கள். கொழுப்பில் வளரும் பூஞ்சை இது.

3. காதுக்குள் வினாகிரி, தேசிக்காய்ச் சாறு விடாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் கேட்கும் திறனே கெடலாம். பஞ்சுக் குச்சியும் வேண்டாம்; அழுக்கை உள்ளே தள்ளும்.

4. சீனியையும் பாணையும் நிறுத்தினால் மட்டும் பூஞ்சை போகாது. ஆனால் சொறி திரும்பத் திரும்ப வந்தால் உணவு ஒவ்வாமை காரணமாக இருக்கலாம். அதைச் சோதிக்க, நாய் இதுவரை தின்னாத ஒரு மீனை உப்பு, வெங்காயம் போடாமல் அவித்து, முள் எடுத்து, சோற்றோடு 8 கிழமை கொடுங்கள். இடையில் மிச்சக் கறி, பிஸ்கட் எதுவும் கூடாது. ஒரு துண்டு போதும், சோதனை வீணாகிவிடும். வெங்காயம் எப்போதுமே வேண்டாம், அது நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

5. கால்நடை வைத்தியர் ஷாம்பு தந்திருந்தால், அதை 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். உடனே கழுவினால் மருந்து வேலை செய்யாது.

6. தலையைச் சரித்து நடந்தால், காதைத் தொட விடாமல் கத்தினால், அன்றே அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். தொற்று உட்காதுக்கு இறங்கியிருக்கலாம்.