பச்சை இலைக்குள் குடியிருப்பவை

வேப்பமரத்தடிச் சருகைக் கூட்டிக் குவித்துத் தீ வைப்பது இன்றும் பல வீடுகளில் நடக்கிறது. “பூஞ்சை பிடிக்கும், கொளுத்திவிடு” என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தச் சிறு பேச்சுக்குள் இலையைப் பற்றிய தவறான எண்ணங்கள் பல அடங்கியிருக்கின்றன.

நம்பிக்கை: நலமான பச்சை இலையில் பூஞ்சை இருக்காது.

உண்மை: இதுவரை ஆராய்ந்த மரங்களில் ஏறத்தாழ எல்லாவற்றின் இலைகளுக்குள்ளும் பூஞ்சைகள் வாழ்கின்றன. வெளியே ஒரு புள்ளிகூடத் தெரியாது. இவற்றை உள்வாழ் பூஞ்சைகள் என்கிறோம். கண்டறியும் முறை எளிது. இலையைச் சிறு துண்டுகளாக வெட்டி, சாராயத்திலும் சலவைக் கரைசலிலும் முக்கி மேற்பரப்பில் உள்ளவற்றைக் கொன்றுவிட வேண்டும். பிறகு அகர் கூழின்மேல் வைத்துக் காத்திருக்க வேண்டும். சில நாளில் வெட்டுவாயிலிருந்து மெல்லிய இழைகள் வெளியே நீளும். உள்ளே இருந்தவைதான் வருகின்றன.

எத்தனை வகைகள்? பனாமாவின் தாழ்நிலக் காட்டில் இரண்டே மர இனங்களின் 83 இலைகளைச் சோதித்தார்கள். மரபணு அளவில் வேறுபட்ட பூஞ்சைகள் 347 இருக்கலாம் என்று 2000-இல் வெளியான அந்த ஆய்வு மதிப்பிட்டது. அவற்றில் பெரும்பாலானவை ஒரே ஒரு முறை மட்டுமே கிடைத்தவை. ஒரு காட்டின் பல்லுயிர் வளத்தைக் கணக்கெடுக்கும்போது யானையையும் இருவாச்சியையும் எண்ணுகிறோம்; இலைக்குள் இருப்பதை எண்ண மறந்துவிடுகிறோம். எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

வெப்பமண்டல மரங்களின் தளிரில் பெரும்பாலும் இவை இருப்பதில்லை. காற்றிலும் மழையிலும் வரும் வித்துகள் இலைமேல் விழுந்து முளைத்து உள்ளே நுழைகின்றன. அதனால் தளிரைவிட முற்றிய இலையில் வகைகள் கூடுதல்.

நம்பிக்கை: வேப்பிலையைப் பூஞ்சை அண்டாது.

உண்மை: வேம்பின் கசப்புப் பொருள்கள் பல பூஞ்சைகளைத் தடுப்பது மெய்தான். ஆனாலும் வேப்பிலைக்குள்ளிருந்து உள்வாழ் பூஞ்சைகளைப் பிரித்தெடுத்து, 2000-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் சென்னை ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்தக் கசப்போடு வாழப் பழகியவை இருக்கின்றன.

நம்பிக்கை: இலைக்குள் பூஞ்சை இருந்தால் மரத்துக்குக் கேடு.

உண்மை: கோகோ இலைகளில் நடந்த ஒரு சோதனையை இங்கே சொல்ல வேண்டும். உள்வாழ் பூஞ்சைகள் குடியேறிய இலைகளையும், அவை இல்லாத இலைகளையும் பைட்டோப்தோரா என்னும் நோய்க்கிருமிக்கு ஆட்படுத்தினார்கள். குடியேறிய இலைகளில்தான் சேதம் குறைவு. 2003-இல் வந்த முடிவு இது.

எல்லாப் பூஞ்சையும் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. ஐரோப்பாவில் ஆஷ் மரங்களை லட்சக்கணக்கில் பட்டுப்போகச் செய்யும் பூஞ்சை, கிழக்காசியாவில் அங்குள்ள ஆஷ் இனத்தின் இலையில் பெரிய சேதமின்றி வாழ்ந்து, உதிர்ந்த இலையை மக்கச் செய்வது. பூஞ்சை ஒன்றேதான், மரம் மாறியதும் அதுவே கொலைகாரனாகிவிட்டது.

நம்பிக்கை: மாவிலையில் கறுப்போ சிவப்போ படிந்தால் அது இலையைத் தின்னும் பூஞ்சை.

உண்மை: கரும்பூசணம் இலையைத் தின்பதில்லை. தத்துப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீர்தான் அதன் உணவு. இலைக்கு வெயில் மறைப்பது மட்டுமே அது செய்யும் கெடுதல். துருபோன்ற செம்புள்ளி பல நேரம் பூஞ்சையே அல்ல, ஒருவகைப் பாசி.

நம்பிக்கை: உதிர்ந்த இலை மழையில் நனைந்து தானாக மக்கிவிடும்.

உண்மை: தானாக எதுவும் மக்குவதில்லை. இலை பழுத்து விழும்போதே வேலைக்காரர்கள் உள்ளே தயாராக இருக்கிறார்கள். உயிருள்ள இலையில் அடங்கிக் கிடந்த பூஞ்சைகளில் சில, இலை இறந்ததும் அதையே உண்ணத் தொடங்குகின்றன. பிறகு மண்ணிலிருந்தும் பக்கத்துச் சருகிலிருந்தும் மற்றவை வந்து சேரும். எளிய சர்க்கரைகள் முதலில் தீர்ந்துபோகும். அடுத்து செல்லுலோஸ். இலை நரம்பை விறைப்பாக வைத்திருக்கும் லிக்னினை உடைப்பது கடினம். அதைத் திறம்படச் செய்பவை சில பூஞ்சைகளே. சருகுக் குவியலின் அடியில் ஈரமான இலையைப் புரட்டினால் வெளுத்த திட்டுகளும் வெள்ளை இழைகளும் தெரியும். லிக்னின் கரைந்துகொண்டிருக்கும் இடம் பெரும்பாலும் அதுதான். மண்புழுவும் மரவட்டையும் அந்த இலையை விரும்பித் தின்பதற்கும் பூஞ்சை அதை மென்மையாக்கி வைத்ததே காரணம்.

ஓடையில் விழுந்த இலைக்கும் தனிக் கூட்டம் உண்டு. நீரில் மக்கும் ஆல்டர் இலைகளில் வாழும் பூஞ்சைகளைப் பற்றி இங்கிலாந்தின் சி.டி. இங்கோல்டு 1942-இல் எழுதினார். அவற்றின் வித்துகள் பல, நான்கு கை விரித்த நங்கூரம்போல் இருக்கும். ஓடும் நீரில் இலையைப் பற்றிக்கொள்ள அந்த வடிவம் உதவுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் நுரையிலும் இத்தகைய வித்துகள் மிதக்கின்றன.

நம்பிக்கை: தீ வைத்தால் பூஞ்சை ஒழிந்து இடம் சுத்தமாகும்.

உண்மை: மேற்குத் தொடர்ச்சி மலையில் அடிக்கடி தீப்பிடிக்கும் காடுகளின் சருகிலிருந்து எடுத்த பூஞ்சைகளை டி.எஸ். சூரியநாராயணனும் உடன் ஆய்வாளர்களும் சோதித்தார்கள். சிலவற்றின் வித்துகள் 100 டிகிரி செல்சியசுக்கும் மேலான உலர்வெப்பத்தைத் தாங்கி, பிறகு முளைத்தன. அவற்றுக்கு ‘அக்னியின் பூஞ்சைகள்’ என்று பெயரிட்டு 2011-இல் எழுதினார்கள். ஆக, தீயால் பூஞ்சை முழுதும் ஒழிவதில்லை. இலையிலிருந்த தழைச்சத்தின் பெரும்பகுதிதான் புகையோடு போய்விடுகிறது.

உங்கள் வீட்டுச் சருகை இந்த முறை கொளுத்தாதீர்கள். மரத்தடியிலேயே குவித்து, அவ்வப்போது தண்ணீர் தெளித்துவிட்டு, சில வாரம் கழித்து அடியில் கிடக்கும் ஓர் இலையை எடுத்துப் பாருங்கள்.