ஊர்தியில் ஓர் உறையுள்

உப்பு விற்கப் போன உமணர் குடும்பத்தோடு வண்டியிலேயே நாட்டைச் சுற்றியதைச் சங்கப் பாடல்களில் படித்திருக்கிறோம். வழியில் அச்சு முறிந்தால் மாட்டிக்கொள்ள மாற்று அச்சு ஒன்றையும் வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு போனார்கள் என்று புறநானூறு கூறுகிறது. ஆகவே, வண்டியை வீடாக்கும் கலை நமக்குப் புதிதன்று. ஆயின் உமணருக்கு மோட்டார் வாகனச் சட்டம் இருக்கவில்லை. மூடிய தகரப் பெட்டிக்குள் உறங்கும் தேவையும் இருக்கவில்லை. நமக்கு இரண்டும் உண்டு. எனவே சற்றுக் கணக்குப் போட்டுத்தான் ஆகவேண்டும்.

காரியவட்டத்தில் பயிலும் நாங்கள் நால்வர் கூடி 2008-ஆம் ஆண்டு மாருதி ஆம்னி வண்டி ஒன்றை வாங்கினோம். விடுமுறையில் ஊர் செல்லவும், வழியில் அறை வாடகை கொடுக்காமல் தங்கவும் அது பயன்படவேண்டும் என்பது நோக்கம். உள் வேலைக்கு ஒதுக்கிய தொகை 15,000 ரூபாய். வேலையைத் தொடங்குமுன் நான் போட்டுப் பார்த்த கணக்குகளையே ஈண்டு எழுதுகிறேன். இப்படி ஓர் எண்ணம் உள்ள தோழர்கள் நம் மன்றத்தில் வேறு சிலரும் உண்டு என்பதை அறிவேன்.

நான் கரூர்க்காரன். பேருந்துக்குப் பாடி கட்டும் பட்டறைகளின் சுத்தியல் ஓசையைக் கேட்டே வளர்ந்தவன். அத்தகைய பட்டறையில் நெடுநாள் உழைத்த என் மாமாவைத் தொலைபேசியில் அழைத்து, எந்தத் தகட்டை முதலில் வெட்டுவது என்று கேட்டேன். "மாப்பிள்ளே, தகட்டைத் தொடாதே. முதலில் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் படி" என்றார்.

அவர் சொன்னதில் பொருள் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்தபடி பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறுபடும் வண்ணம் உரிமையாளர் வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு திங்கள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்றது. 2021 ஆகஸ்டில் கண்ணூரில் ஒரு பயண வண்டி பறிமுதல் செய்யப்பட்டு நாடெங்கும் பேச்சானதைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். எங்கள் முழுத் தொகையும் மூன்று மாற்றங்களின் அபராதத்துக்குச் சரியாகப் போய்விடும்! அன்றியும், 15 ஆண்டு கடந்த வண்டியின் பதிவைப் புதுப்பிக்கவேண்டும். அதன் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. பழைய வண்டி மலிவு என்று மகிழ்வோர் இதையும் விலையோடு கூட்டிப் பார்ப்பது நலம்.

அரசின் காரவன் சுற்றுலாத் திட்டம் 2021-இல் வந்தது. வாகமண்ணில் அதற்கென ஒரு பூங்காவும் 2022-இல் திறந்தார்கள். அது பணம் உள்ளவர் உலகம், விட்டுவிடுவோம். நமக்கு வழிகாட்டுவன வேறு இரண்டு. ஒன்று, நாமக்கல் பக்கத்து இளைஞர் அருண் பிரபு ஒரு மூன்று சக்கர ஆட்டோவின்மேல் அமைத்த சிறு வீடு. 36 சதுர அடி. செலவு ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய். இடித்த கட்டடங்களிலும் பழைய பொருள்களிலும் கிடைத்தவற்றைப் பெரிதும் பயன்படுத்தினார். அவருடைய வீடு சில மரையாணிகளைக் கழற்றினால் வண்டியிலிருந்து தனியே வந்துவிடும். அதனை நான் மிகவும் வியக்கிறேன். மற்றொன்று, 2020 நவம்பரில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் மூணாறில் பழைய பேருந்தைப் படுக்கை அறையாக்கி, ஒரு படுக்கை 100 ரூபாய் என்று வாடகைக்கு விட்டது. அந்தப் பேருந்து ஓடாது, நிற்கும். நம் வண்டி ஓடவேண்டும். இவ்விரண்டையும் ஒப்பிட்டபோது எனக்கு ஒரு விதி கிடைத்தது: உள்ளே வைப்பதெல்லாம் மூட்டை முடிச்சாகவே இருக்கவேண்டும். ஒரு துளையும் போடுவதில்லை. ஓர் இருக்கையும் கழற்றுவதில்லை. மடித்த பின்னிருக்கையின்மேல் மூன்று துண்டாகப் பிரியும் பலகைக் கட்டில். அதன்மேல் தென்னைநார் மெத்தை. பலகை சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னே ஓர் ஆக்ரிக்கடையில் கிடைத்த பழைய பிளைவுட்.

இனி அறிவியலுக்கு வருவோம். எல்லாரும் முதலில் கேட்பது வெப்பத் தடுப்பைப் பற்றித்தான். கூரை ஏறத்தாழ 3 சதுர மீட்டர் என்க. வெளிக்கும் உள்ளுக்கும் 15 பாகை வேறுபாடு இருந்தால், வெறுந் தகட்டின் வழியே சுமார் 270 வாட் வெப்பம் இறங்கும். 25 மில்லிமீட்டர் தெர்மோகோல் ஒட்டினால் 60 வாட் அளவுக்குக் குறையும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாம் வண்டிக்குள் உறங்குவது இரவில். இரவில் கூரையில் வெயில் ஏது? உறங்கும் இருவர் உடலிலிருந்து மட்டும் ஏறக்குறைய 150 வாட் வெப்பம் வெளிப்படுகிறது. திருவனந்தபுரத்து இரவோ புழுக்கம் மிகுந்தது. வெப்பம் வெளியேறவேண்டிய நேரத்தில் தெர்மோகோல் அதனை உள்ளேயே காத்து வைக்கும். தீப்பிடித்தால் நச்சுப் புகையும் கக்கும். அதனை விலக்கினோம்.

காற்றே உண்மையான கேள்வி. ஆம்னியின் உள்வெளி சுமார் 4 கன மீட்டர், அதாவது 4,000 லிட்டர். உறங்கும் இருவர் மணிக்குச் சுமார் 25 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுவர். கொசுவுக்கு அஞ்சி எல்லாக் கண்ணாடியையும் இடுக்கின்றி அடைத்துவிட்டால், நான்கு மணி நேரத்தில் அந்த வாயு நூற்றுக்கு இரண்டரைப் பங்கு ஆகும். விழிக்கும்போது தலைவலி உறுதி. ஆதலால் எதிரெதிர்க் கண்ணாடிகளைச் சற்று இறக்கி, கொசுவலைத் துணியைக் காந்தத் துண்டுகளால் வெளியே ஒட்டி, ஒரு பக்கம் சிறு மின்விசிறி வைத்தோம். 300 ரூபாயில் முடிந்த இவ்வேலை மற்ற எல்லாவற்றினும் முதன்மையானது என்பது என் கருத்து.

இதைவிடக் கொடியது கார்பன் மோனாக்சைடு. 2024 டிசம்பரில் வடகரையில், சாலையோரம் நின்ற காரவனுக்குள் உறங்கிய தொழிலாளர் இருவர் மாண்டு கிடந்தனர். பின்னர்க் கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழக வல்லுநர்கள் அதே வண்டியைச் சோதித்தனர். ஜெனரேட்டரின் புகை உள்ளே புகுந்து, இரண்டே மணி நேரத்தில் பத்து லட்சத்துக்கு 900 பங்குக்கும் மேல் அவ்வாயு நிறைந்ததைக் கண்டனர். அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றோடு அதனைப் பிடித்துக்கொள்ளும். ஆம்னியில் எஞ்சின் முன்னிருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது என்பதை மறக்கவேண்டா. இரவில் எஞ்சினை ஓடவிட்டு உறங்குதல் கூடாது. புகைக்குழாயில் ஓட்டை உண்டா என்று பார்த்து, தரைத்தகட்டில் துருப்பிடித்த துளைகளை முதலில் அடைக்கவேண்டும். எங்கள் வண்டியில் அத்தகைய துளைகள் நான்கு இருந்தன. 1,800 ரூபாய் அதற்கே போயிற்று. அச்செலவை ஒருவரும் குறைகூறவில்லை.

மின்சாரக் கணக்கு எளிது. 15 வாட் விசிறி எட்டு மணி நேரத்துக்கு 120 வாட் மணி, விளக்குக்கு 15, நான்கு கைப்பேசிகளுக்கு 60. கூட்டினால் 195. 12 வோல்ட், 40 ஆம்பியர் மணி பேட்டரியின் கொள்ளளவு 480. ஈயப் பேட்டரியில் பாதிக்குமேல் இறக்குவது அதன் ஆயுளைக் கெடுக்கும் என்பதால் 240 எனக் கொள்வோம். ஓர் இரவுக்குப் போதும். பழைய பேட்டரி வாங்குவோர் மேலே ஒட்டிய எண்ணை நம்பாமல், 60 வாட் முன்விளக்கு பல்பு ஒன்றை நான்கு மணி நேரம் எரித்துப் பார்க்கவும். 5 ஆம்பியர் வீதம் 20 ஆம்பியர் மணி கொடுத்த பின்னும் சோர்ந்து விழவில்லை என்றால் வாங்கலாம். ஓரிரவுப் பயணத்துக்குச் சூரியத் தகடு வேண்டுவதில்லை; புறப்படுமுன் பேட்டரியை மின்னேற்றிக்கொண்டாலே போதும். பியூஸ் மட்டும் பேட்டரியின் நேர்முனைக்கு ஒட்டினாற்போல் இருக்கவேண்டும். 12 வோல்ட் நம்மைத் தாக்காது, ஒயரை எரித்துவிடும்.

எடையைப் பற்றிச் சொல்லவேண்டியது ஒன்றே. சக்கர இடைவெளி ஏறத்தாழ 1.2 மீட்டர், புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 0.6 மீட்டர் எனக் கொண்டால், வண்டி 45 பாகை வரை சாய்ந்து தாங்கும். 1,000 கிலோ வண்டியின் கூரையில், 1.8 மீட்டர் உயரத்தில், 60 கிலோ மூட்டையை ஏற்றினால் அது 42 பாகையாகும். நிற்கும் வண்டிக்கே இக்கணக்கு. பொன்முடிச் சாலையின் 22 கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பும் வண்டிக்கு இதன் பொருள் என்னவென்று இயற்பியல் பயிலாதவரும் உணர்வர். தண்ணீர்க் கேன் கட்டிலுக்கு அடியில் இருக்கட்டும்.

எங்களுக்குள் முடியாத வழக்கு ஒன்று இருந்தது. மழை நாளில் உள்ளேயே சிறு காஸ் அடுப்பு வைத்துச் சமைக்கலாம், கதவைத் திறந்து வைத்தால் போதாதா என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். மழைக்குத் திறந்த கதவை எவ்வளவு நேரத்தில் இழுத்துச் சாத்துவீர் என்று கேட்டேன். வடகரைச் செய்தியையும் அவரிடம் படித்துக் காட்டினேன். நால்வரும் வாக்கெடுத்தோம், மூன்றுக்கு ஒன்று. அடுப்பு வண்டிக்கு வெளியே மட்டும். மழை பெய்தால் வழிக்கடையில் புட்டும் கடலையும். அதற்கென்று எஞ்சிய 640 ரூபாயைத் தனியே எடுத்து வைத்திருக்கிறோம்.