மருந்தே குடிக்காத பிள்ளை, மருந்துக்குக் கேட்காத கிருமி

கேள்வி: என் தங்கைக்கு எட்டாம் மாதத்திலேயே பிரசவமாகிவிட்டது. ஐந்தாம் நாள் குழந்தை பால் குடிப்பதை நிறுத்தியது. 'ரத்தத்தில் கிருமி. முதலில் போட்ட மருந்துக்குக் கேட்கவில்லை, மாற்ற வேண்டும்' என்றார் மருத்துவர். குழந்தை பிழைத்துக்கொண்டது. தாய்ப்பால் தவிர எதுவுமே தராத பிள்ளைக்கு மருந்து எப்படிப் பழகிப்போனது?
- வாசகி, செம்மேடு, கொல்லிமலை

பதில்: குழந்தை பிழைத்தது பெரிய ஆறுதல். மருந்துக்குப் பழகியது பிள்ளையின் உடம்பு அல்ல, அதற்குள் புகுந்த கிருமி. குழந்தை பிறப்பதற்கு வெகுநாள் முன்பே யார் யாருடைய உடம்பிலோ மருந்துகளைச் சந்தித்து, தப்பிப் பெருகிய வம்சம் அது.

தில்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை 13,530 பச்சிளங்குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2016-இல் வெளியானது. ரத்தத்தில் அதிகம் வளர்ந்த கிருமிகள் அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ.கோலை. அசினெட்டோபாக்டரில் 82 சதவீதம் பல மருந்துகளுக்கும் அடங்காதவை. தொற்றுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, பிறந்த 72 மணி நேரத்துக்குள் வந்தவை. பிரசவ அறை, கழுவாத கைகள், ஊசிக்குழாய்கள் ஆகியவற்றின் மேல்தான் சந்தேகம் விழுகிறது. குறைமாதப் பிள்ளையின் தோலோ மெல்லியது, எதிர்ப்புச் சக்தியும் முற்றாதது.

ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை காத்திருக்க முடியாது என்பதால் ஆம்பிசிலின், ஜென்டாமைசின் போன்ற ஊசிகளை உடனே தொடங்குவார்கள். முடிவு வேறு விதமாக வந்தால் மருந்தை மாற்றுவார்கள். உங்கள் வீட்டிலும் அதுவே நடந்திருக்கும்.

எல்லா மருந்தும் கைவிடும்போது மிஞ்சுவது கொலிஸ்டின். அதையே கோழிகள் சீக்கிரம் வளரத் தீவனத்தில் கலக்கும் வழக்கம் நாட்டில் இருந்தது. அப்படிக் கலந்தால் கிருமிகள் அதற்கும் பழகிவிடும் என்பதால் 2019 ஜூலையில் மத்திய அரசு கால்நடை, கோழி, மீன் வளர்ப்புக்கு அதைத் தடை செய்தது. முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லைக் கொண்ட உங்கள் மாவட்டத்துக்கு இந்தத் தடை வெறும் செய்தி அல்ல.

அப்படியானால் வீட்டிலேயே பிரசவம் பார்த்துவிடலாமா? கூடவே கூடாது. தாயும் பிள்ளையும் சாவதைக் குறைத்தது மருத்துவமனைப் பிரசவம்தான். அங்கே கைகழுவலும் சுத்தமும் தவறாமல் நடக்க வேண்டும் என்று கேட்பதே சரியான வழி.

வீட்டில் செய்ய வேண்டியவையும் உண்டு. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாமல் ஊட்ட வேண்டும். சேனை, சர்க்கரைத் தண்ணீர், உரை மருந்து எதுவும் வேண்டாம். தொப்புளில் எதையும் பூசக் கூடாது. எடை குறைந்த பிள்ளையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்து வைப்பது சூட்டையும் தரும், தொற்றையும் குறைக்கும்.

பால் குடிக்க மறுத்தல், உடல் சில்லிடுதல் அல்லது சுடுதல், துவண்டு கிடத்தல், நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, நெஞ்சுக்குழி உள்வாங்குதல், வலிப்பு: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். மலையிறங்கும் காரவள்ளிப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கும் நேரமும் நோய் முற்றும் நேரமே. 108-ஐ அழையுங்கள். முதல் ஊசியை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டு அனுப்ப முடியுமா என்றும் கேளுங்கள். போகும் வழியெல்லாம் பிள்ளை தாயின் மார்போடு இருக்கட்டும்.

தங்கையின் பிள்ளைக்கு நாளை சளி பிடித்தால் கடையில் சொல்லி ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், அது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து.